எல்லை தாண்டிய பதிலடித் தாக்குதல் செய்தியைப் படிப்பது எப்படி: நெல்லைச் சீமை வாசகர் வட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

பகை கொண்ட இரண்டு அண்டை நாடுகள் போரை நிறுத்திக் கையெழுத்திட்ட பிறகும் அவற்றின் எல்லையில் சாவு நிற்பதில்லை. ஓர் இரவில் எல்லையோரச் சிற்றூர் ஒன்று தாக்கப்படுகிறது. தாக்கிய நாடு அதனைப் பதிலடி என்கிறது. தாக்கப்பட்ட நாடு அதனைப் போர்நிறுத்த மீறல் என்கிறது. மறுநாள் காலையில் வரும் செய்தித்தாள் இரண்டு கூற்றுகளையும் அடுத்தடுத்த பத்திகளில் வைத்துவிட்டு வேறு செய்திக்குப் போய்விடுகிறது. உண்மையில் என்ன நடந்தது, எந்த ஒப்பந்தத்தின் எந்த விதி மீறப்பட்டது, அதைக் கண்டறிந்தவர் யார் என்று வாசகர் தாமே சரிபார்த்துக்கொள்ளும் முறையை இங்கே எழுதுகிறேன். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலும், அம்பாசமுத்திரம், கடையநல்லூர், வள்ளியூர் போன்ற ஊர்களின் நூலகங்களிலும் கூடிப் படிப்பவர்களையும், போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். எல்லை நமக்குத் தொலைவில் இருக்கலாம். ஆனால் 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் உயிரிழந்த மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேரில் ஒருவர் நம் கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்துச் சிற்றூர்க்காரர். ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டு விவகாரம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

முறை முழுவதற்கும் அடிப்படையான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிலடி என்று சொல்லப்படும் எந்தத் தாக்குதலுக்கும் அதற்கு முந்தைய நிகழ்வு ஒன்று உண்டு. அந்த முந்தைய நிகழ்வுக்கும் அதற்கு முந்தையது உண்டு. நம் மாவட்டச் செய்திப் பக்கத்தில் "முன்விரோதம் காரணமாக" என்று தொடங்கும் கொலைச் செய்திகளை அறியாதவர் இங்கே இல்லை. அந்த முன்விரோதம் எந்த நாளில் தொடங்கியது என்று இரு தரப்பு உறவினரிடமும் கேட்டால், இரண்டு வெவ்வேறு தேதிகள்தான் கிடைக்கும். ஒவ்வொருவரும் தம் வீட்டில் விழுந்த சாவிலிருந்தே கணக்கைத் தொடங்குவார்கள். நாடுகளும் அவ்வாறே செய்கின்றன. எனவே எந்த நாடு தரும் தொடக்கத் தேதியையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், கால வரிசையை நாமே எழுதிப் பார்ப்பதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி.

தேவைப்படும் பொருள்கள்

பெரிதாக எதுவும் வேண்டாம். கடைகளில் கிடைக்கும் நீளமான கணக்கு நோட்டு ஒன்று, நல்ல அட்லஸ் ஒன்று, இணைய வசதியுள்ள கைபேசி அல்லது நூலகக் கணினி ஆகியவை போதும். ஐக்கிய நாடுகள் சபையின் மின்னணு நூலகத்தில் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானங்கள் எண் வாரியாகக் கிடைக்கின்றன. 1949ஆம் ஆண்டின் அரபு–இஸ்ரேல் போர்நிறுத்த உடன்படிக்கைகள் யேல் பல்கலைக்கழகத்தின் அவலான் ஆவணத் தொகுப்பில் முழுமையாக உள்ளன. இவை ஆங்கிலத்தில் இருப்பதால், வட்டத்தில் ஆங்கிலம் நன்கு அறிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் தமிழில் குறிப்பெடுத்துக்கொள்ளலாம். உடன்படிக்கைகள் பெரும்பாலும் சில பக்கங்களுக்கு மேல் போவதில்லை. ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

வரைபடத்தைப் பற்றி நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பாளையங்கோட்டை, நாசரேத், சாயர்புரம் பக்கங்களில் வளர்ந்த பலருக்கு எப்ரோன், காசா, எரிகோ ஆகிய பெயர்கள் வேதாகமத்தின் கடைசிப் பக்க வரைபடங்களில் இருந்தே அறிமுகம். 1954இல் ஓர் இஸ்ரேலியப் பேருந்து தாக்கப்பட்ட அக்கராபீம் மேடுகூட எண்ணாகமத்தில் எல்லைக் குறியாக வரும் பெயர்தான். அந்தப் பரிச்சயம் ஊர்களை நினைவில் வைத்துக்கொள்ள உதவும். ஆனால் பண்டைக் காலத்து வரைபடத்தை வைத்துக்கொண்டு 1949இன் போர்நிறுத்தக் கோட்டைத் தேடக் கூடாது. அந்தக் கோடு, போர் நின்றபோது படைகள் நின்ற இடங்களை ஒட்டிப் பேச்சுவார்த்தையில் வரையப்பட்டது. கல்கிலியா என்ற ஊரில் வீடுகள் ஜோர்டான் பக்கமும், அவ்வூர் மக்களின் விளைநிலங்கள் பெரும்பாலும் இஸ்ரேல் பக்கமும் விழுந்தன. தம் வயலுக்குள் இறங்கிய உழவர் அந்தக் கோட்டின் கணக்கில் அத்துமீறியவர் ஆனார். இதைத் தெரிந்துகொள்ளாமல் "ஊடுருவல்" என்ற சொல்லைச் செய்தியில் படித்தால் பாதிப் பொருள்தான் விளங்கும்.

உடன்படிக்கையின் வகையைக் கண்டுபிடியுங்கள்

செய்தியில் "போர்நிறுத்தம்" என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அது களத்தில் சுடுவதை நிறுத்திக்கொண்ட ஏற்பாடா, இரு தரப்புப் படைகளும் எங்கே நிற்க வேண்டும் என்று விதிகளோடு கையெழுத்தான உடன்படிக்கையா, போரையே முடித்துவைத்த சமாதான ஒப்பந்தமா என்று நாம் பிரித்தறிய வேண்டும். கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று பான்முன்ஜமில் கையெழுத்தானது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை ஏற்படவில்லை. இஸ்ரேலுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் இடையே 1949இல் ஏற்பட்ட நான்கு உடன்படிக்கைகளும் அதே வகைதான். எகிப்துடன் பிப்ரவரி 24, லெபனானுடன் மார்ச் 23, ஜோர்டானுடன் ஏப்ரல் 3, சிரியாவுடன் ஜூலை 20 என்று அவை அடுத்தடுத்துக் கையெழுத்தாயின. நடுவராக இருந்த ரால்ஃப் பஞ்சுக்கு அதற்காகவே 1950இன் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. எகிப்துடனான உடன்படிக்கை, அந்தக் கோட்டை எந்த வகையிலும் அரசியல் எல்லையாகக் கொள்ளக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எல்லை என்று நாம் எழுதும்போதெல்லாம் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இந்த வகை உடன்படிக்கைகளுக்குப் பொதுவான பழைய சட்டம் ஒன்று உண்டு. 1907ஆம் ஆண்டின் ஹேக் ஒழுங்குவிதிகளில் 36 முதல் 41 வரையுள்ள பிரிவுகள் இதைப் பற்றியவை. 40ஆம் பிரிவின்படி, ஒரு தரப்பு கடுமையாக மீறினால் மறு தரப்பு உடன்படிக்கையைக் கைவிடலாம். அவசர நிலையில் உடனே போரைத் தொடங்கவும் செய்யலாம். ஆனால் 41ஆம் பிரிவு, தனிமனிதர்கள் தாமாகவே செய்த மீறலுக்கு அவ்வுரிமையைத் தரவில்லை; குற்றவாளிகளைத் தண்டிக்குமாறும், ஏற்பட்ட இழப்புக்கு ஈடு தருமாறும் கேட்கலாம், அவ்வளவுதான். இரவில் கோடு தாண்டி வந்து வீட்டுக்குள் குண்டு வீசியவர் அரசுப் படையினரா, அரசு ஆயுதம் கொடுத்து அனுப்பியவரா, தானே வந்தவரா என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பதை இந்த இரண்டு பிரிவுகளையும் அருகருகே வைத்துப் படித்தால் உணரலாம்.

1949இன் உடன்படிக்கைகள் இதைவிட ஒரு படி மேலே போயின. ஜோர்டானுடனான உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, முறைப்படி அமையாத படைகளையும் தடைக்குள் கொண்டுவந்ததோடு, ஒரு தரப்பின் கட்டுப்பாட்டிலுள்ள நிலத்திலிருந்து மறு தரப்பின் மீது எந்தப் பகைச் செயலும் நடத்தப்படக் கூடாது என்றும் விதித்தது. அதனால்தான் இஸ்ரேல், வந்தவர் யாராக இருந்தாலும் ஜோர்டானே பொறுப்பு என்று வாதாடியது; ஜோர்டான், நீண்ட எல்லை முழுவதையும் எங்கள் காவலர்களால் அடைத்துவிட முடியாது, தடுக்க முயல்கிறோம் என்று பதில் சொன்னது. இரண்டு வாதங்களுக்கும் உடன்படிக்கையில் இடம் இருந்தது. இரவில் ஓர் ஊரையே தகர்ப்பதற்கு மட்டும் எந்தப் பிரிவிலும் இடம் இல்லை.

நோட்டில் எழுத வேண்டியவை

நோட்டின் இரு பக்கங்களையும் விரித்து வைத்துப் பத்திகள் பிரித்துக்கொள்ளுங்கள். நிகழ்வு நடந்த தேதி, கோட்டின் எந்தப் பக்கத்தில் எந்த இடம், செய்தவர் யார், இறந்தவர்களில் படையினர் எத்தனை பேர், பொதுமக்கள் எத்தனை பேர், இந்தத் தகவலைச் சொன்னது யார், அது குறித்து எந்த அமைப்பு என்ன முடிவு செய்தது என்பவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் வேண்டும். செய்தவர் பற்றிய பத்தியில் "தெரியவில்லை" என்று எழுதத் தயங்காதீர்கள். தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்புவதுதான் இத்தகைய படிப்பில் நேரும் மிகப் பெரிய கேடு என்பது என் கருத்து.

சொன்னவர் பற்றிய பத்தியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதை ஒருபோதும் விடக் கூடாது. நம் சீமையின் வரலாறே இதற்குச் சான்று. பாஞ்சாலங்குறிச்சியின் மீது 1799இல் பானர்மன் நடத்திய படையெடுப்பையும், அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதையும் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி கம்பெனியார் எழுதிய கடிதங்கள்தான். தோற்றவர் பக்கத்துச் செய்தி பெரும்பாலும் வாய்மொழிப் பாடல்களாகவே எஞ்சியது. எழுதி வைக்கும் வசதி எந்தத் தரப்பிடம் இருந்தது என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

ஒரு பயிற்சி: கிப்யாவிலிருந்து சூயஸ் வரை

முறையைப் பழகிக்கொள்ள இன்றைய செய்தியை எடுக்காதீர்கள். உணர்ச்சி ஆறாத நிகழ்வில் பழகினால் கை நடுங்கும். ஆவணங்கள் வெளிவந்துவிட்ட பழைய தொடர் ஒன்றை எடுப்பது நல்லது. அதற்கு 1953 முதல் 1956 வரையிலான இஸ்ரேல் எல்லை மிகப் பொருத்தமானது.

1953 அக்டோபர் 12ஆம் நாள் இரவு, இஸ்ரேல் பக்கத்து யெஹுத் என்ற ஊரில் ஒரு வீட்டுக்குள் கையெறி குண்டு வீசப்பட்டு, ஒரு தாயும் அவருடைய இரண்டு குழந்தைகளும் இறந்தனர். இதை முதல் வரியாக எழுதுங்கள். வந்தவர்களின் தடம் ஜோர்டான் பக்கம் போயிற்று. ஜோர்டான் அதிகாரிகள் விசாரணைக்கு ஒத்துழைப்பதாகச் சொன்னார்கள். செய்தவர் பற்றிய பத்தியில், கோடு தாண்டி வந்தவர்கள், அடையாளம் தெரியவில்லை என்று எழுத வேண்டும். அக்டோபர் 14ஆம் நாள் இரவு, ஏரியல் ஷரோன் தலைமையில் இஸ்ரேல் இராணுவத்தின் 101ஆம் பிரிவும் வான்குடைப் படையினரும் எல்லை தாண்டி, ஜோர்டான் பக்கத்துக் கிப்யா என்ற சிற்றூருக்குள் நுழைந்து, ஏறத்தாழ 45 வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தனர். ஏறத்தாழ 69 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இடிபாடுகளை அகற்ற நாள்கள் ஆனதால் முதல் அறிக்கைகளில் இந்த எண் குறைவாகவே இருந்தது. ஆகவே இறந்தவர் எண்ணிக்கையை எழுதும்போது, அது எந்த நாளைய அறிக்கையில் உள்ளது என்பதையும் அருகில் குறிக்க வேண்டும்.

அடுத்து வருவதை நிதானமாகப் படியுங்கள். அக்டோபர் 19 அன்று இஸ்ரேல் பிரதமர் டேவிட் பென்-குரியன் வானொலியில் பேசும்போது, இராணுவப் பிரிவு எதுவும் அன்றிரவு முகாமை விட்டு வெளியேறவில்லை என்றும், பொறுமை இழந்த எல்லையோரக் குடியிருப்பாளர்களே இதைச் செய்தார்கள் என்றும் கூறினார். பின்னாளில் வெளிவந்த ஆவணங்களும் பங்கேற்றவர்களின் எழுத்துகளும் அது உண்மையல்ல என்று காட்டிவிட்டன. 41ஆம் பிரிவை ஏன் முன்பே படிக்கச் சொன்னேன் என்பது இங்கே புரியும். தனிமனிதர் செய்தது என்று சொல்லிவிட்டால் அரசின் பொறுப்பு சுருங்கிவிடும். அந்தப் பிரிவின் நிழலில் ஒதுங்குவதற்கு இரு தரப்புமே முயன்றன. 1953 நவம்பர் 24 அன்று பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 101ஆம் தீர்மானம், கிப்யா தாக்குதலுக்கு மிகக் கடுமையான கண்டனத்தைத் தெரிவித்தது. அதே தீர்மானம், அனுமதியற்றவர்கள் கோடு தாண்டி வருவதால் அடிக்கடி வன்முறை நேர்கிறது என்பதையும் குறிப்பிட்டு, அதைத் தடுக்கும் நடவடிக்கைகளைத் தொடர்ந்து வலுப்படுத்துமாறு ஜோர்டானைக் கேட்டுக்கொண்டது. ஒன்பது நாடுகள் ஆதரித்தன. லெபனானும் சோவியத் ஒன்றியமும் வாக்களிக்கவில்லை. இரு பகுதிகளையும் நோட்டில் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதுகிறவர் படிக்கவில்லை, கட்சி கட்டுகிறார்.

1955 பிப்ரவரி 28 அன்று இஸ்ரேலியப் படை காசாவில் எகிப்திய இராணுவ முகாமைத் தாக்கியது. எகிப்தியர் தரப்பில் ஏறத்தாழ 38 பேரும், இஸ்ரேலியர் 8 பேரும் இறந்தனர். அதற்குச் சில நாள் முன்பு எகிப்து உளவுப் பிரிவோடு தொடர்புடையவர்கள் ரெஹோவோத் அருகே ஓர் இஸ்ரேலியரைக் கொன்றதை இஸ்ரேல் காரணமாகக் காட்டியது. மார்ச் 29 அன்று பாதுகாப்பு கவுன்சில் 106ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றித் தாக்குதலைக் கண்டித்தது. எகிப்தின் கமால் அப்துல் நாசர், இந்தத் தாக்குதலே தம் எண்ணத்தை மாற்றியது என்று பலமுறை சொன்னார். அந்த ஆண்டின் கோடையில் ஃபெடாயீன் என்னும் கொரில்லாக் குழுக்கள் காசாவிலிருந்து அனுப்பப்பட்டன. செப்டம்பரில் செக்கோஸ்லோவாகியா வழியாகச் சோவியத் ஆயுதங்களை வாங்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 1956 அக்டோபர் 29 அன்று இஸ்ரேலியப் படை சினாய்க்குள் நுழைந்து சூயஸ் போர் தொடங்கியது. போருக்குக் காரணம் இவை மட்டுமல்ல. கால்வாய் நாட்டுடைமை ஆனதும், பிரிட்டனும் பிரான்சும் போட்ட கணக்குகளும் அதில் கலந்தவை. ஆயினும் வரிகளை வரிசையாக எழுதிவிட்டுப் பின்னோக்கிப் பார்த்தால், எல்லையை அமைதிப்படுத்துவதற்கு என்று செய்யப்பட்ட ஒவ்வொரு பதிலடிக்குப் பிறகும் எல்லை அமைதியாயிற்றா என்ற கேள்வியை நோட்டே எழுப்பும்.

இதே பயிற்சியின் நீட்சியாக, 1966 நவம்பர் 13 அன்று ஜோர்டான் பக்கத்துச் சமூ என்ற ஊரின் மீது இஸ்ரேல் நடத்திய தாக்குதலையும் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணிவெடியில் இஸ்ரேலிய எல்லைக் காவலர் மூவர் இறந்ததற்குப் பதிலடி என்று அது அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் இத்தகைய ஊடுருவல்களை நடத்திய பாலஸ்தீன ஆயுதக் குழுவான ஃபத்தாவுக்கு ஆதரவு அளித்தது சிரியா; அடி விழுந்ததோ ஜோர்டான் மீது. செய்தவர் பத்தியையும் அடிபட்டவர் பத்தியையும் ஒப்பிடும்போது இத்தகைய பொருந்தாமைகள் பளிச்சென்று தெரியவரும். 228ஆம் தீர்மானம், இராணுவப் பதிலடிகளைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்று அழுத்திச் சொன்னது.

விசாரித்தவர் யார்?

1949இன் உடன்படிக்கை ஒவ்வொன்றின் கீழும் ஒரு கூட்டுப் போர்நிறுத்த ஆணையம் இருந்தது. ஜோர்டான் ஆணையத்தில் ஐவர். இரு தரப்புக்கும் இரண்டிரண்டு பேர், தலைவர் ஐ.நா. பார்வையாளர் அமைப்பைச் சேர்ந்தவர். எகிப்து ஆணையத்தில் எழுவர். புகார் வந்ததும் பார்வையாளர்கள் களத்துக்குப் போய்த் தடயங்களையும் காலடித் தடங்களையும் பார்த்து அறிக்கை தருவார்கள். பிறகு கூட்டத்தில் வாக்கெடுப்பு நடக்கும். இரு தரப்பும் தத்தம் பக்கமே வாக்களிப்பதால், பெரும்பாலும் தலைவரின் ஒரு வாக்கே முடிவைத் தீர்மானித்தது.

1954 மார்ச் 17 அன்று அக்கராபீம் மேட்டில் ஒரு பேருந்து தாக்கப்பட்டு 11 பேர் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் ஜோர்டானிலிருந்து வந்தவர்கள் என்பதற்குச் சான்று போதாது என்று கருதிய தலைவர் வாக்களிக்கவில்லை. இஸ்ரேல் அந்த ஆணையத்திலிருந்து வெளியேறியது. அந்த மாத இறுதியிலேயே ஜோர்டான் பக்கத்து நஹ்ஹாலின் கிராமம் தாக்கப்பட்டது. சான்று போதவில்லை என்று சொல்லும் நேர்மை ஒரு நடுவருக்கு இருக்க வேண்டும். ஆனால் உறவினரைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த நேர்மை எவ்வளவு கசந்திருக்கும் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒருசேர நினைக்க முடியாதவர் இந்தத் துறையில் நியாயமாக எழுத முடியாது.

இன்றைய செய்தியிலும் இதையே தேடுங்கள். இரு தரப்பும் அல்லாத யாராவது களத்தைப் பார்த்தார்களா? பார்த்தார்கள் என்றால் எப்போது, எவ்வளவு தூரம் அனுமதிக்கப்பட்டார்கள்? பார்க்கவில்லை என்றால், செய்தியில் உள்ளவை அனைத்தும் கூற்றுகள் மட்டுமே என்று நோட்டில் குறித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பதிலடி என்ற வாதத்தை எடைபோடுதல்

ஆயுதப் பதிலடியை எடைபோட மூன்று நிபந்தனைகளை 1928இல் ஒரு நடுவர் மன்றம் வகுத்தது. அங்கோலாவின் நவுலிலா என்ற இடத்தில் 1914இல் நடந்த மோதல் குறித்துப் போர்ச்சுகலுக்கும் ஜெர்மனிக்கும் இடையே எழுந்த வழக்கு அது. முதலில் சட்டமீறல் ஒன்று நடந்திருக்க வேண்டும். அதற்குப் பரிகாரம் கேட்டு மறுக்கப்பட்டிருக்க வேண்டும். பதிலடி அந்த மீறலின் அளவுக்கு மிஞ்சியிருக்கக் கூடாது. 1945க்குப் பிறகு நிலை மேலும் இறுகியது. ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு தற்காப்பை மட்டும் அனுமதிக்கிறது. 1964இல் ஏமன் எல்லையில் ஹரிப் கோட்டையைப் பிரிட்டன் தாக்கியபோது 188ஆம் தீர்மானம் பதிலடிகளைச் சாசனத்துக்குப் பொருந்தாதவை என்று கண்டித்தது. 1970இல் பொதுச்சபை ஏற்ற நட்புறவுப் பிரகடனம், படைவலிமை கொண்டு பதிலடி தருவதைத் தவிர்ப்பது நாடுகளின் கடமை என்று அறிவித்தது. அதனால்தான் இன்று எந்த அரசும் தன் தாக்குதலைப் பதிலடி என்று சர்வதேசச் சட்ட அரங்குகளில் வாதாடுவதில்லை. தற்காப்பு என்றே வாதாடுகிறது. உள்நாட்டு மேடையில் பழிதீர்த்தோம் என்றும், நியூயார்க்கில் தற்காப்பு என்றும் ஒரே அரசு இரண்டு விதமாகப் பேசுவதைக் கண்டால் இரண்டையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

எல்லா மீறலுக்கும் ஊர் தகர்ப்பே விடை என்பதில்லை. 1976 ஆகஸ்ட் 18 அன்று பான்முன்ஜமில் ஒரு மரத்தின் கிளைகளை வெட்டப் போன அமெரிக்க அதிகாரிகள் இருவரை வடகொரியப் படையினர் கோடரியால் கொன்றனர். மூன்று நாள் கழித்து, பெரும் படைத் திரளைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, அந்த மரத்தை மட்டும் வெட்டிவிட்டு அமெரிக்கத் தரப்பு திரும்பியது. வடகொரியத் தலைவர் கிம் இல்-சுங் வருத்தம் தெரிவித்தார். அங்கே போர் மீண்டும் மூளவில்லை.

நம் நாட்டின் கோடு

காஷ்மீரைப் பற்றிய செய்தியில்தான் இந்த முறையைக் கடைப்பிடிப்பது கடினம். கடினம் என்பதாலேயே கடைப்பிடிக்க வேண்டும். 1949 ஜனவரி 1 அன்று சண்டை நின்றது. ஜூலை 27 அன்று கராச்சியில் ஏற்பட்ட உடன்பாட்டில் போர்நிறுத்தக் கோடு வரையப்பட்டது. 1972 ஜூலை 2 அன்று சிம்லா ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்த ஆண்டு டிசம்பரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு வரைபடங்களில் குறிக்கப்பட்டது. சிம்லாவுக்குப் பிறகு ஐ.நா. பார்வையாளர் குழுவுக்கு வேலை இல்லை என்பது இந்தியாவின் நிலைப்பாடு. பாகிஸ்தான் தொடர்ந்து அக்குழுவிடம் புகார் அளித்து வருகிறது. ஆகவே இந்தக் கோட்டில் இரு தரப்பும் ஏற்கும் விசாரணையாளர் நடைமுறையில் இல்லை. இரு நாட்டு இராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களும் நேரடித் தொலைபேசியில் பேசிக்கொள்வதே முக்கியமான வழி. 2003 நவம்பர் இறுதியில் தொடங்கிய சண்டை நிறுத்தமும், 2021 பிப்ரவரி 25 அன்று கூட்டறிக்கையாக வந்த உறுதிப்பாடும் கராச்சி உடன்பாட்டைப் போல விரிவான விதிகளைக் கொண்ட ஆவணங்கள் அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கைகளை எச்சரிக்கையாகக் கையாளுங்கள். 2020இல் 5,133 மீறல்கள் என்று இந்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பாகிஸ்தான் தன் பக்கத்துக் கணக்கைத் தனியாக வெளியிடுகிறது. ஒரு தோட்டா பாய்ந்ததும், பல மணி நேரம் பீரங்கி முழங்கியதும் இத்தகைய கணக்கில் ஒவ்வொரு மீறலாகவே நிற்கக்கூடும். அதனால் எண்ணை எழுதிவிட்டு, அதற்குக் கீழே உயிரிழப்பையும் இடம்பெயர்ந்த குடும்பங்களையும் தேடி எழுதுங்கள். உரி, 2016 செப்டம்பர் 18. கோட்டைத் தாண்டிய தாக்குதல் அறிவிப்பு, செப்டம்பர் 29. புல்வாமா, 2019 பிப்ரவரி 14; பாலாகோட், பிப்ரவரி 26. பஹல்காம், 2025 ஏப்ரல் 22. ஆபரேஷன் சிந்தூர், மே 7. சண்டை நிறுத்தம், மே 10. இந்த மூன்று இணைகளையும் எழுதிவிட்டு, தாக்கியவர் பத்தியில் இந்தியா சொல்வதையும் பாகிஸ்தான் மறுப்பதையும், மூன்றாம் தரப்பு கண்டறிந்தது ஏதேனும் இருந்தால் அதையும் தனித்தனியே நிரப்புங்கள். நாட்டுப்பற்றுக்கு இதனால் எந்தக் குறையும் வராது. 1953இல் கொரியப் போர்க் கைதிகளைப் பொறுப்பேற்க நடுநிலை ஆணையத்தின் தலைமையில் நின்றவர் நம் தளபதி திம்மையா. இரு தரப்பும் சந்தேகித்த வேலையை நேர்மையாகச் செய்ததே அவருக்கும் இந்தியப் படைக்கும் பெயர் வாங்கித் தந்தது.

கூட்டத்தை நடத்தும்போது

மேலப்பாளையத்திலிருந்தும் நாசரேத்திலிருந்தும் வருகிறவர்கள் பாலஸ்தீனத்தையும் இஸ்ரேலையும் ஒரே மனநிலையோடு படிப்பதில்லை. படைவீரர் குடும்பத்தார் காஷ்மீரைப் படிக்கும் விதமும் வேறு. இதை மறைக்க வேண்டியதில்லை. கூட்டத்தின் தொடக்கத்தில் ஒருவர் கால வரிசையை மட்டும், எந்த அடைமொழியும் இல்லாமல் வாசிக்கட்டும். தேதியோ எண்ணோ தவறு என்று கருதுபவர் தம் ஆதாரத்தைக் காட்டி அந்த வரியைத் திருத்தக் கேட்கலாம். கருத்துகளை அதற்குப் பிறகே பேச வேண்டும். இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது இரு பக்கத்தாரையும் ஒரே மரியாதையோடு குறிப்பிட வேண்டும் என்பதில் வட்டத்தை நடத்துபவர் கண்டிப்பாக இருக்க வேண்டும். யெஹுதின் குழந்தைகளை "இறந்தனர்" என்று சொல்லிவிட்டு, கிப்யாவின் குழந்தைகளை "பலியாயின" என்று சொல்லும் வாக்கியத்தை அங்கேயே நிறுத்தித் திருத்தச் சொல்லுங்கள்.

முடிவில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி நூலகத்தின் கோப்பில் வைக்கலாம். முதல் பத்தியில் உடன்படிக்கையின் பெயர், தேதி, மீறப்பட்டதாகச் சொல்லப்படும் பிரிவு. அடுத்து கால வரிசை. அதன் பின்பு கண்டறியப்பட்டவை வேறாகவும் கூற்றுகள் வேறாகவும் இருக்கட்டும். பின்னர் விசாரணை அறிக்கையோ நீதிமன்றத் தீர்ப்போ வெளிவந்தால், பழைய வரியை அடித்து அழிக்காமல் அதன் கீழே புதிய தேதியிட்டுத் திருத்தத்தைச் சேர்த்துக் கையொப்பமிடுங்கள்.